வாத்துச் சட்டை

“இந்துவா? அது ஷீட் போட்டுக் குடுக்கத்தான் சரி. ஆடறதெல்லாம் வேற.”

இதைத்தான் அக்கா நான் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. சாம்பிள் ரூம் கதவு சாத்தாமல் கிடந்தது, நான் துணி நிறம் பார்க்கிற ஷேட் கார்டு எடுக்கப் போனேன், காதில் விழுந்தது. கார்டை எடுக்காமலே திரும்பி வந்து என் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு மத்தியானம் தயிர் சாதம். டப்பாவைத் திறக்கவே இல்லை.

மடியில் என்ன பார்சல் என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்குப் பதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சட்டைகள். மூன்று டி-ஷர்ட். திருப்பூரில் வேலை பார்க்கிறவள் மடியில் வேறு என்ன இருக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் இவை விற்கிற சட்டைகள் இல்லை. பஸ் குன்னத்தூர் போனதும் நான் இறங்க வேண்டும். நீங்கள் கோபி வரைக்குமா? அப்படியானால் நேரம் இருக்கிறது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை அக்கா. ஆபீஸில் கேட்டுப் பாருங்கள், இந்துஜா என்று ஒரு பெண் இருக்கிறாளா என்று பாதிப்பேர் யோசிப்பார்கள். ஈரோட்டில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தேன். இரண்டரை வருஷமாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் உதவி மெர்ச்சண்டைசர். எனக்கு மேலே லோகநாதன். எல்லோருக்கும் லோகண்ணா. நாற்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா, நாலில் ஒன்றுதான் எழுதும்.

டிவியில் வருஷா வருஷம் கபடி லீக் நடக்கிறது இல்லையா, அதை வைத்து எங்கள் ஆபீஸில் ஒரு விளையாட்டு உண்டு. எட்டுப் பேர், ஆளுக்கொரு டீம். டீம் என்றால் காகிதத்தில்தான். நிஜமாக லீக்கில் ஆடுகிறவர்களிலிருந்து ஆளுக்கு ஏழு பேரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்கக் கூடாது. அந்த ஆள் நிஜ ஆட்டத்தில் எடுக்கிற புள்ளியெல்லாம் நம் டீமுக்கு வரும். பிடிபட்டுப் போனால் ஒரு புள்ளி கழியும். பந்தயக் காசு கிடையாது. காசு வைத்தால் எம்.டி. எட்டுப் பேரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்.

காசு இல்லாவிட்டால் என்ன, அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஜெயித்தவர் பெயரை நல்ல காட்டன் சட்டையில் அச்சடித்து சாம்பிள் ரூம் சுவரில் மாட்டுவார்கள். சரக்கு வாங்க வருகிற பையர் எல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கடைசியாக வந்தவருக்கு வாத்து. எங்கள் பிரிண்டிங்கில் ஒருமுறை வாத்துப் படம் தலைகீழாக விழுந்து மொத்தச் சரக்கும் தள்ளுபடி ஆனது. அதில் ஒரு சட்டையை எடுத்து வைத்திருக்கிறார்கள். கால் மேலே, மூக்குக் கீழே, மஞ்சள் வாத்து. தோற்றவர் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டும். பையர் வந்தாலும் கழற்றக் கூடாது.

யார் முதலில் ஆள் எடுப்பது என்பதற்கும் எங்கள் வழி ஒன்று உண்டு. சீட்டுக் குலுக்க மாட்டோம். ஒரே நிறத்தில் எட்டு ஷேடு துணி வெட்டி ஒரு பையில் போட்டு ஆளுக்கொன்று உருவ வேண்டும். இருப்பதிலேயே வெளிறிய துண்டு யாருக்கோ அவருக்கு முதல் தேர்வு, அடர்ந்த துண்டு கடைசி. இரண்டு ஷேடு ஒன்றுபோலத் தெரிந்தால் சண்டை வரும். அப்போது இரண்டையும் ஷேடு பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்து, கட்டிங் மாஸ்டர் துரைசாமியைக் கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்போம். அவரும் ஒரு டீம் வைத்திருக்கிறார். அவர் தீர்ப்பு எப்போதும் அவருக்குச் சாதகமாகத்தான் வரும். அதை விடுங்கள்.

எனக்குக் கபடி எப்படித் தெரியும் என்றால், பள்ளிக்கூடத்தில் ஸ்கோர் எழுதினேன். ஆட வருகிறேன் என்று ஒருமுறை பி.டி. டீச்சரிடம் போய் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உன் கையெழுத்து நல்லா இருக்கும்ல?” என்றார். ஐந்து வருஷம் எழுதினேன். எழுதி எழுதி, ஒரு ஆள் எந்தக் காலை முதலில் வைப்பான் என்று அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் லோகண்ணா என் மேசைக்கு வந்தார். “அம்மிணி, நீ கணக்குப் படிச்சவ. இந்தக் கபடி ஆளுகளை வரிசையாப் போட்டு ஒரு ஷீட் பண்ணிக் குடேன்” என்றார். ஒரு வாரம் உட்கார்ந்தேன். ஐம்பத்தாறு ஆட்கள், யாரை எப்போது எடுக்க வேண்டும், எவனை எடுக்கவே கூடாது, எல்லாம். அதை அச்செடுத்து நாலாக மடித்து, நாலு பேனா இருக்கிற பையில் வைத்துக்கொண்டு போனார். ஜெயித்தார். சுவரில் ‘லோகு’ என்று சட்டை தொங்கியது. “எப்படி லோகு?” என்று எல்லோரும் கேட்டார்கள். “அதெல்லாம் ஒரு கணிப்புங்க” என்றார். நான் இரண்டடி தள்ளி லேபிள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரி, முதல் வருஷம், போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வருஷம் ஒரு இடம் காலியானது. எட்டு டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். நான் லோகண்ணாவிடம் போய்க் கேட்டேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போய்க் கேட்டேன் அக்கா. “பாக்கலாம் அம்மிணி” என்றார். அடுத்த நாள்தான் அந்தக் கதவு சாத்தாமல் கிடந்தது, உள்ளே பேசியது அவர்தான். எட்டாவது டீம் எங்கள் ஆபீஸிலேயே வேலை பார்க்கிற அவர் மச்சான் பிரகதீஷுக்குப் போனது. பிரகதீஷுக்குப் போனஸ் கோடு எது, நடுக்கோடு எது என்று தெரியாது. கபடியில் பந்து இல்லை என்பதே லேசாக வருத்தம்தான் அவனுக்கு.

அதற்கு மறுநாள் லோகண்ணா வந்தார். “ஏனம்மிணி, இந்த வருஷ ஷீட்டு?”

“போடறேனுங்ண்ணா” என்றேன்.

அப்போதே எனக்கு ஒன்றுதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அந்த வாத்தை அவர் நெஞ்சில் பார்க்க வேண்டும். ஒரு வாரம். திங்கள் முதல் சனி வரை.

நான் கெட்டவள் இல்லை அக்கா. அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்றபோது லோகண்ணா பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார். எம்.டி. கேட்டதற்கு, தானே என் ஃபைல் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாராம். அதற்கெல்லாம் நன்றி சொல்லியாகிவிட்டது. அது வேறு, இது வேறு.

அந்த வருஷம் லீக்கில் ஒரு புது ரெய்டர் வந்திருந்தான். இசக்கிராஜ். திருச்செந்தூர்ப் பக்கம், இருபது வயது. கோட்டைத் தாண்டிப் போய் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற வேலை அவனுக்கு. யூட்யூபில் அவன் ஆடிய ஊர்ப் போட்டிகள் பதினாலு இருந்தன. பதினாலும் பார்த்தேன்.

புது ரெய்டரை எடை போடுவது எப்படி என்று எல்லோரும் தப்பாகத்தான் நினைக்கிறார்கள். எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்று பார்ப்பார்கள். அது இரண்டாவது. அவனுக்கு எத்தனை தடவை பாடிப் போகக் கிடைக்கும் என்பதுதான் முதலாவது. அவன் டீமில் ஏற்கெனவே இரண்டு பழைய ரெய்டர்கள். இருக்கிற ரெய்டெல்லாம் அவர்களுக்கு. இவனை எதற்கு அனுப்புவார்கள்? மூன்றாவது ரெய்டுக்கு. இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது தடவை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் போனவன் வெளியே. அதற்குப் பெரிய ஆட்கள் போக மாட்டார்கள். பிடிபட்டால் அவர்கள் பெயர் கெடும். புது ஆளைத் தள்ளிவிடுவார்கள். எங்கள் ஆபீஸில்கூட, ஷிப்மென்ட் ஏன் லேட் என்று ஜெர்மனிக்காரப் பையர் கூப்பிடுகிற அன்றைக்கு லோகண்ணாவுக்கு டையிங் யூனிட்டில் அவசர வேலை வந்துவிடும். “நீ பேசு அம்மிணி” என்று போய்விடுவார். எங்கே விட்டேன்? மூன்றாவது ரெய்டு. ஆக, இசக்கிராஜுக்குக் கிடைப்பது நாலோ ஐந்தோ ரெய்டு, அதுவும் கஷ்டமானது. பாதியில் பிடிபடுவான்.

இன்னொன்று, அவன் ஆடியதெல்லாம் மண்ணில். வெறுங்காலில் சறுக்கிக்கொண்டே திரும்புவான், பார்க்க அழகாக இருக்கும். லீக்கில் ஷூ போட்டு ரப்பர் மேட் விரிப்பில் ஆட வேண்டும். அங்கே சறுக்காது, கால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு முதல் எட்டு எப்போதும் இடப்பக்கம்தான் வைப்பான். பதினாலு போட்டியிலும். இதைக் கண்டுபிடிக்க லீக்காரர்களுக்கு மூன்று ஆட்டம் போதும்.

என் உண்மையான ஷீட்டில் அவன் நாற்பத்தொன்பதாவது. லோகண்ணாவுக்குக் கொடுத்த ஷீட்டில் முதலாவது.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு கட்டத்தின் தலைப்பை மாற்றினேன். ‘ஊர்ப் போட்டி, மண்’ என்று இருந்ததை ‘பயிற்சி ஆட்டம், மேட்’ என்று ஆக்கினேன். மண்ணில் எடுத்த புள்ளியெல்லாம் மேட்டில் எடுத்ததாக மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. கபடி தெரிந்தவர் ஒரு தரம் உற்றுப் பார்த்தால் பிடித்துவிடலாம். அவர் நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

தேர்வு நாள் அன்று பையில் கைவிட்டு லோகண்ணா உருவியது இருப்பதிலேயே வெளிறிய துண்டு. விளக்குப் பெட்டிகூடத் தேவைப்படவில்லை. எழுந்து நின்று, “இசக்கிராஜ்” என்றார்.

துரைசாமி மாஸ்டர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “யார்றா அவன்? உங்க ஊட்டு மாப்பிள்ளையா?” என்றார்.

“புது ஆளுங்க மாஸ்டர்.”

“பழுத்தது அத்தனை தொங்குது, பிஞ்சைப் பறிக்கறியே லோகு. பைத்தியமா உனக்கு?”

“கணிப்புங்க” என்றார்.

நான் எல்லோருக்கும் டீ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 

முதல் ஆட்டத்தில் இசக்கிராஜ் இரண்டு ரெய்டு போனான், இரண்டிலும் பிடிபட்டான். கழித்தல் இரண்டு. அடுத்ததில் பூஜ்யம். மூன்றாவதில் கழித்தல் ஒன்று. இடப்பக்கம், இடப்பக்கம், இடப்பக்கம். லோகண்ணா டீம் எட்டாவது இடத்தில் இருந்தது. மாஸ்டர் தினமும் காலையில் வந்து லோகண்ணா தோளை டேப்பால் அளப்பார். “வாத்து உனக்கு டைட்டா இருக்குமே லோகு, பக்கத்துல கொஞ்சம் பிரிச்சு விடட்டுமா?” என்பார். அந்த வாரங்களில் எனக்கு நல்ல தூக்கம் அக்கா. ஒரு கிலோ எடை கூடினேன்.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. நாலாவது ஆட்டமும் போனதும் லோகண்ணா சாம்பிள் ரூமில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “நான் என்னங்க பண்ணட்டும். ஷீட் போட்டது இந்துஜா.”

முழுப் பெயர். ஒரு வருஷமாக அவர் வாயில் வராத பெயர். ஜெயித்தபோது கணிப்பு, தோற்றபோது இந்துஜா. கட்டிங், செக்கிங், பேக்கிங், எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. நான் கேன்டீனுக்குப் போனால் பேக்கிங் பெண்கள், “இந்தக்கா, நாளைக்கு மழை வருமா? நீங்க சொல்லுங்க, நாங்க மாத்தி வெச்சுக்கறோம்” என்றார்கள். அந்த ஷீட் தப்பு என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டேன். ஆனாலும் எனக்கு ஷீட் போடத் தெரியாது என்று ஆகிவிட்டதே. என் உண்மையான ஷீட் லேப்டாப்பில் இருந்தது. அதன்படி எடுத்திருந்தால் நான் முதலிடம். அதை யாரிடம் போய்க் காட்டுவது?

ஐந்தாவது ஆட்டத்தில் பழைய ரெய்டர் ஒருவருக்குத் தோள்பட்டை நழுவியது. சீசன் முழுக்க ஆட முடியாது என்றார்கள். அவர் ரெய்டெல்லாம் இசக்கிராஜுக்கு வந்தது. எத்தனை தடவை கிடைக்கிறது என்பதுதான் முதலாவது என்று நான்தானே சொன்னேன். ஆட்டத்துக்குப் பதினெட்டு ரெய்டு, இருபது ரெய்டு. அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, இடப்பக்கம். ஆறாவது ஆட்டம் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைத் தொட்டான், கும்பிட்டான், வலப்பக்கம் போனான். மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அம்மா, “நல்லா ஆடறான்ல?” என்றாள்.  பதினாலு போட்டி உட்கார்ந்து பார்த்தவளுக்கு அவன் செய்கிற காரியமா அது?

அந்த சீசனில் அவன்தான் அதிகப் புள்ளி. லோகண்ணா ஜெயித்தார். பிரகதீஷ் கடைசி, வாத்தும் அவனுக்கு. அவன் அதை ஒரு வாரம் ஜாலியாகப் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்தான், துவைக்காமல் அலமாரியில் போட்டுவிட்டுப் போனான்.

சுவரில் இரண்டாவது சட்டை ஏறியது. அதிலும் ‘லோகு’. “எப்படிடா அந்தப் பிஞ்சைப் புடிச்சே?” என்று மாஸ்டரே கேட்டார். “பொறுத்திருந்தேனுங்க மாஸ்டர். எல்லாரும் சிரிச்சீங்க, நான் அசையலையே” என்றார். என் பெயர் மறுபடி காணாமல் போனது. அது பொய் ஷீட்தான் அக்கா, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது நான் போட்ட பொய்.

இந்த வருஷத் தேர்வு வருகிற திங்கள்கிழமை. போன வாரம் லோகண்ணா வழக்கம்போல வந்தார். “ஏனம்மிணி, ஷீட்டு?” என்றார். “போடறேனுங்ண்ணா” என்றேன். இந்த முறை நான் அவசரப்படவில்லை. அரியானாவிலிருந்து ஒரு புது ரெய்டர் வந்திருக்கிறான். ஆறடி, பார்க்க மலை மாதிரி. போன மாசம் எடுத்த மூன்று வீடியோவிலும் வலது முழங்காலில் பட்டை. ஒவ்வொரு ரெய்டு முடிந்ததும் யாரும் பார்க்காதபோது அந்தக் காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்கிறான். அது முழு சீசன் தாங்காது. அவன் டீமில் இரண்டு பேர் இல்லை, மூன்று பழைய ரெய்டர்கள். அவர்களில் யாருக்குத் தோள் நழுவினாலும் இவனுக்கு வேலை வராது. இவன் மட்டுமில்லை, முதல் ஏழு இடத்திலும் அப்படிப்பட்டவர்களாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தேன். அதில் இசக்கிராஜ் இல்லை.

இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஷீட்டை மெயிலில் இணைத்தாகிவிட்டது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சாம்பிள் ரூமில் ஸ்டூல் இழுக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். லோகண்ணா ஸ்டூல் மேலே ஏறி நின்றுகொண்டிருந்தார். சுவரிலிருந்து இரண்டு சட்டைகளையும் கழற்றி, ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினார். பக்கத்திலேயே எங்கள் பிரிண்டிங் யூனிட். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். என் மேசை மேல் இரண்டையும் வைத்தார். மை இன்னும் சூடாக இருந்தது. ‘லோகு’ என்று இருந்த இடத்தில் வெள்ளை அடித்து, அதன் மேல் ‘இந்துஜா’. இரண்டிலும்.

நான் அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். 

“நேத்து எம்பொண்ணைக் கூட்டிட்டு வந்திருந்தேன்ல” என்றார். அவர் பெண் ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளியில் கபடி ஆடுகிறாள். “சுவத்தைப் பாத்துட்டு, எப்படிப்பா கண்டுபுடிச்சேன்னு கேட்டா அம்மிணி. ஒரு புது ஆள் தேறுவானா மாட்டானான்னு எப்படிப் பாக்கறதுன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியலை.” பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “மச்சானை நிறுத்திட்டேன். எட்டாவது டீம் உனக்கு. திங்கக்கெழமை நீயும் பையில கைய விடு. நம்மூட்டுப் புள்ளைக்கும் ஒருநாள் சொல்லிக் குடு.”

“சரிங்ண்ணா” என்றேன்.

“எனக்கு மட்டும் எப்பவும்போல ஷீட்டு அனுப்பிடு. நீ போட்டா நான் பாக்கவே மாட்டேன், அப்படியே எடுத்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதோ, இது முதல் சட்டை. தொட்டுப் பாருங்கள், நல்ல துணி. இது இரண்டாவது. பெருமாநல்லூர் போய்விட்டதா? அடுத்து என் ஸ்டாப்தான்.

அவர் போன பிறகும் அந்த ஷீட் மெயிலிலேயே இருந்தது. லேப்டாப் திறந்தே இருந்தது. இரண்டு சட்டையையும் மடித்துக் கவரில் வைத்தேன். மெயிலை அப்படியே அனுப்பினேன். பிறகு அலமாரியைத் திறந்து மூன்றாவதையும் எடுத்துக்கொண்டேன். அடியில் இருக்கிறது பாருங்கள், மஞ்சளாக. பிரகதீஷ் போட்டதிலிருந்து ஒரே அழுக்கு. வீட்டில் ஊற வைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். மாஸ்டர் சொன்னமாதிரி பக்கவாட்டுத் தையலைக் கொஞ்சம் பிரித்துவிட்டிருக்கிறேன்.